பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கப் போகிறீர்களா? விலையைத் தாண்டிக் கவனிக்க வேண்டியவை!

புதுடெல்லி: புதிய காரின் விலை கைக்கு எட்டாத நிலையில், அதைவிடக் குறைந்த பணத்தில் கூடுதல் வேகமும் ஓட்டும் இன்பமும் தரும் பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் கார்களை நாடுவோர் பலர். ஐந்து, ஆறு லட்சம் ரூபாயைச் சேமித்து வைத்திருக்கும் ஒருவருக்கு, சில ஆண்டுகளுக்கு முன் எட்டு, ஒன்பது லட்சத்துக்கு விற்கப்பட்ட கார் கிடைப்பது ஈர்ப்பான வாய்ப்பாகவே தோன்றும்.

ஆனால், சாதாரணப் பழைய காருக்கும் டர்போ எஞ்சின் கொண்ட பழைய காருக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. முறையாகப் பராமரிக்கப்படாத சாதாரண எஞ்சின் மெல்ல மெல்லத் தளரும். முறையாகப் பராமரிக்கப்படாத டர்போ எஞ்சினோ ஒரே பழுதில் பெருந்தொகையை விழுங்கிவிடும். எனவே, இவ்வகைக் காரில் விலையைவிடப் பராமரிப்பு வரலாறும், குதிரைத்திறனைவிட உதிரிபாகங்கள் கிடைப்பதும் முக்கியமானவை. இவ்விரண்டையும் மையமாக வைத்து, கார் தேர்வு முதல் பெயர் மாற்றம் வரை கவனிக்க வேண்டியவற்றை இத்தொகுப்பில் காணலாம்.

'ஹாட் ஹேட்ச்' என்பது என்ன?

அன்றாடப் பயன்பாட்டுக்கான சிறிய ஹேட்ச்பேக் காரில் ஆற்றல் மிகுந்த எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், மேம்பட்ட பிரேக் ஆகியவற்றைப் பொருத்தி உருவாக்கப்படும் வகையே 'ஹாட் ஹேட்ச்' என அழைக்கப்படுகிறது. 1975ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, இவ்வகைக்கு உலக அளவில் புகழ் சேர்த்தது. வார நாட்களில் குடும்பக் காராகவும், வார இறுதியில் மலைப்பாதையில் உற்சாகம் தரும் வாகனமாகவும் ஒரே கார் விளங்குவதே இதன் சிறப்பு.

இந்தியாவில் இவ்வகை வேறு வடிவம் எடுத்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசி-க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரி குறைவு என்பதால், நிறுவனங்கள் சிறிய எஞ்சினுடன் டர்போசார்ஜரை இணைத்து ஆற்றலைக் கூட்டின. இங்கே விற்பனையான இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை 1.0 அல்லது 1.2 லிட்டர் எஞ்சின் கொண்டவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய கார் சந்தையில் உள்ள மாடல்கள்

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2013ஆம் ஆண்டு அறிமுகமானது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 105 பிஎஸ் ஆற்றலையும் 175 நியூட்டன் மீட்டர் இழுவிசையையும் வழங்கியது. இதனுடன் ஏழு வேக டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ் இணைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, அதன் இடத்தை 110 பிஎஸ் ஆற்றல் கொண்ட 1.0 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் பிடித்தது. இதில் ஆறு வேக மேனுவல், ஆறு வேக டார்க் கன்வெர்ட்டர் தானியங்கி ஆகிய இரு தேர்வுகள் இருந்தன. 2022ஆம் ஆண்டுடன் போலோ தயாரிப்பு இந்தியாவில் நிறைவுற்றது.

2015ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த ஃபியட் அபார்த் புன்டோ, இப்பட்டியலில் ஆற்றல் மிக்கது. அதன் 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சின் 145 பிஎஸ் ஆற்றலும் 212 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்டது. ஐந்து வேக மேனுவல் கியர்பாக்ஸும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தன. அறிமுக விலை ரூ.9.95 லட்சம்.

மாருதி சுசுகி பலேனோ ஆர்எஸ், 2017ஆம் ஆண்டு மார்ச்சில் ரூ.8.69 லட்சத்துக்கு அறிமுகமானது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் எஞ்சின் 102 பிஎஸ் ஆற்றலை அளித்தது. இதிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. பிஎஸ்6 விதிகள் வந்தபோது இதன் விற்பனை நின்றது.

டாடா டியாகோ ஜேடிபி, 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ரூ.6.39 லட்சத்துக்கு வந்தது. டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் இணைந்து உருவாக்கிய இந்த காரில், 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 பிஎஸ் ஆற்றலை வழங்கியது. இதுவும் 2020ஆம் ஆண்டுடன் சந்தையை விட்டு விலகியது. அதன் பின் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் 110 பிஎஸ் ஆற்றல் கொண்ட அல்ட்ராஸ் ஐ-டர்போவை டாடா கொண்டுவந்தது.

ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ 2020ஆம் ஆண்டிலும், ஐ20 என் லைன் 2021ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அறிமுகமாயின. இவை இரண்டிலும் 1.0 லிட்டர் டர்போ ஜிடிஐ எஞ்சினே உள்ளது. நியோஸில் 100 பிஎஸ், ஐ20 என் லைனில் 120 பிஎஸ் என ஆற்றல் வேறுபடும். தொடக்கத்தில் ஐ20 என் லைன், கிளட்ச் மிதி இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸுடனும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸுடனும் விற்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மேம்படுத்தப்பட்ட மாடலில் ஐஎம்டி நீக்கப்பட்டு, வழக்கமான ஆறு வேக மேனுவல் சேர்க்கப்பட்டது.

உதிரிபாகம் கிடைக்குமா?

விற்பனை நின்றுபோன காரை வாங்கும்போது எழ வேண்டிய முதல் கேள்வி இதுவே. அதே எஞ்சின் குடும்பம் தற்போது விற்பனையாகும் வேறு கார்களில் தொடர்கிறதா என்று பார்ப்பது எளிய வழி.

போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் குடும்பம், டைகுன், விர்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா ஆகிய கார்களில் இடம்பெற்றது. ஹூண்டாயின் 1.0 டர்போ எஞ்சின் வென்யூ காரிலும் கியா சோனெட்டிலும் உள்ளது. டாடாவின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், நெக்ஸான் வரிசையுடன் உறவுடையது. எனவே, இவற்றின் எஞ்சினை அறிந்த மெக்கானிக்குகளைத் தேடி அலைய வேண்டிய தேவை குறைவு.

அபார்த் புன்டோவின் நிலை வேறு. ஃபியட் பெயரில் புதிய கார் விற்பனை இந்தியாவில் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆற்றலில் முதலிடம் வகித்தாலும், பம்பர், முகப்பு விளக்கு, சஸ்பென்ஷன் பாகங்கள் போன்றவற்றுக்குக் காத்திருக்க நேரலாம். அன்றாடப் பயணத்துக்கு இந்த ஒரு காரையே நம்பியிருப்போர், அதனை வாங்குவதற்கு முன் தங்கள் ஊரில் அதைப் பழுது பார்க்கும் பணிமனை உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி ஆகியவற்றின் உடற்பாகங்களில் பெரும்பகுதி சாதாரண மாடல்களுடன் பொதுவானவை. ஆனால் அந்தந்த மாடலுக்கென்றே தயாரிக்கப்பட்ட பாகங்களுக்குக் கூடுதல் விலையும் காத்திருப்பும் இருக்கலாம். காரின் சேஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் அளித்து, முக்கியப் பாகங்கள் சிலவற்றின் விலையையும் இருப்பையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

டர்போ எப்படி இயங்குகிறது? ஏன் பழுதாகிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்போசார்ஜரின் ஒரு புறமுள்ள சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. கூடுதல் காற்றுடன் கூடுதல் பெட்ரோலும் எரிவதால் சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் ஆற்றலை அளிக்கிறது.

இத்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. தரமற்ற ஆயில் ஊற்றப்பட்டாலோ, குறித்த காலத்தில் மாற்றப்படாவிட்டாலோ, ஆயில் கருகிக் குழாய்களில் படிந்து, பேரிங் தேயத் தொடங்கும். எஞ்சின் சூடேறும் முன்பே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டுவதும், வேகமாக ஓட்டியவுடன் எஞ்சினை உடனே நிறுத்துவதும் இதே பாதிப்பை விரைவுபடுத்தும்.

எனவே, பத்தாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் ஆண்டுதோறும் ஆயில் மாற்றப்பட்ட கார், குறைவாக ஓடி ஆண்டுக்கணக்கில் சர்வீஸ் காணாத காரைவிட மேலானது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது டர்போ காரில் பெரும் தவறாகிவிடும்.

போலோ டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், ஹூண்டாய் டர்போ ஆகியவற்றில் பெட்ரோல் நேரடியாக எஞ்சின் அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. இம்முறையில் உள்ளிழுப்பு வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால், காலப்போக்கில் அவற்றின் மீது கரி படியக்கூடும். எஞ்சின் வெறுமனே ஓடும்போது நடுக்கம், இழுவைக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள்.

டைமிங் பெல்ட்டையும் மறந்துவிடக் கூடாது. அபார்த் புன்டோவின் டி-ஜெட் எஞ்சினில் ரப்பர் பெல்ட்டே பயன்படுத்தப்படுகிறது. பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குள் பெரும் சேதம் ஏற்படலாம். குறைவாக ஓடிய காரிலும் ஆண்டுகள் கடந்தால் ரப்பர் தளரும் என்பதால், மாற்றியதற்கான ரசீது இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கருத வேண்டும். 1.2 டிஎஸ்ஐ எஞ்சின் உலக அளவில் சங்கிலி கொண்ட தலைமுறையாகவும் பெல்ட் கொண்ட தலைமுறையாகவும் வந்துள்ளதால், பார்க்கும் காரில் எது உள்ளது என்பதைச் சேஸ் எண் மூலம் உறுதி செய்துகொள்ளலாம்.

நேரில் பார்க்கும்போது சோதிக்க வேண்டியவை

காரைப் பார்க்கச் செல்லும் முன், எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நிலையில் எஞ்சின் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதே பல உண்மைகளைச் சொல்லிவிடும். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், மற்றொரு நாள் காலையில் வருவதாகக் கூறிவிடலாம்.

எஞ்சினை இயக்கியதும் சங்கிலி உராயும் ஒலி தொடர்கிறதா, புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். நீலப் புகை, ஆயில் எரிவதன் அடையாளம். அது டர்போவின் தேய்மானமாகவோ எஞ்சினின் தேய்மானமாகவோ இருக்கலாம். இன்டர்கூலர் குழாய்களின் இணைப்பில் ஆயில் வழிந்திருப்பதும் எச்சரிக்கைக் குறியே.

ஓட்டிப் பார்க்கும்போது, மூன்றாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்த வேண்டும். நல்ல நிலையிலுள்ள டர்போ எஞ்சின் சுமார் 2,000 சுற்றுகளை நெருங்கும்போது தெளிவாக இழுக்கத் தொடங்கும். இழுவை விட்டுவிட்டு வந்தாலோ, சைரன் போன்ற ஓசை எழுந்தாலோ, காற்றுக் கசிவோ டர்போ பேரிங் தேய்மானமோ இருக்கக்கூடும்.

இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட கார்களை நெரிசலான சாலையிலும் ஏற்றத்திலும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். 1.2 டிஎஸ்ஐ போலோவிலும், ஹூண்டாயின் 1.0 டர்போ கார்களிலும் உள்ளவை உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தவை. நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது இவை சூடாகித் தேயும். முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது உதறல், பின்னோக்கி எடுக்கும்போது தயக்கம், கியர் எச்சரிக்கை விளக்கு ஆகியவை தென்பட்டால், பணிமனையின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு இன்றி விலை பேசக் கூடாது. முதன்முறையாக இவ்வகைக் காரை வாங்குவோருக்கு மேனுவல் கியர்பாக்ஸே செலவில் பாதுகாப்பான தேர்வு.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் என்று பொருள். வேகமான காரில் ஐந்து, ஆறு ஆண்டுகளைக் கடந்த டயர்களை மாற்றிவிடுவதே நல்லது. அச்செலவை விலைப் பேச்சில் குறிப்பிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்பதையும் ஆராய வேண்டும். 2015, 2023 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம் போன்ற பேரிடர்களில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியிலும் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் பின், தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி, கணினிக் கருவி மூலம் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் செய்வது அவசியம். சில ஆயிரம் ரூபாய் செலவு, பல்லாயிரம் ரூபாயைக் காப்பாற்றும். இச்சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்தக் காரைக் கைவிடுவதே அறிவுடைமை.

திரும்பப் பெறும் அறிவிப்பு உள்ளதா?

பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்பப் பெற்ற கார்களில், அந்தப் பணி முடிக்கப்பட்டதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரான 7,213 பலேனோ ஆர்எஸ் கார்களைத் திரும்பப் பெறுவதாக மாருதி சுசுகி 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. பிரேக் இயக்கத்துக்கு உதவும் வேக்குவம் பம்பில் குறைபாடு இருக்கலாம் என்பதே காரணம். சேஸ் எண்ணை அளித்தால் நிறுவனத்தின் சேவை மையமே இவ்விவரத்தைத் தெரிவிக்கும். குறைபாட்டுப் பாகம் கட்டணமின்றி மாற்றித் தரப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

விபத்துச் சோதனை மதிப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குளோபல் என்கேப் சோதனைகளில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அல்ட்ராஸ் 5 நட்சத்திரங்களும், டியாகோ 4 நட்சத்திரங்களும், இரண்டு ஏர்பேக் கொண்ட போலோ 4 நட்சத்திரங்களும், ஐ20 3 நட்சத்திரங்களும், கிராண்ட் ஐ10 நியோஸ் 2 நட்சத்திரங்களும் பெற்றன. இவை அனைத்தும் அந்த அமைப்பின் பழைய நடைமுறையின்கீழ் வழங்கப்பட்டவை.

'ரீமேப்' செய்யப்பட்ட கார்: எச்சரிக்கை தேவை

டர்போ எஞ்சினின் கணினி மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டும் 'ரீமேப்' முறை, இவ்வகைக் கார்களின் உரிமையாளர்களிடையே பரவலாக உள்ளது. விற்பவர் அதனைக் கூடுதல் சிறப்பாகச் சொல்லக்கூடும். ஆனால், கூடுதல் காற்றழுத்தம் டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகிய மூன்றின் மீதும் சுமையை ஏற்றும். விற்பதற்கு முன் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டால் வெளியே தெரியாது என்பதால், நேரடியாகக் கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடை விதிக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படாத மாற்றங்கள் இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கல் எழலாம்.

ஆவணங்களில் பார்க்க வேண்டியவை

அரசின் 'பரிவாகன்' இணையதளம் அல்லது 'எம்-பரிவாகன்' செயலியில் பதிவு எண்ணை அளித்து, பதிவு நாள், எரிபொருள் வகை, காப்பீட்டுக் காலம், வங்கிக் கடன் நிலுவை ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். நிலுவையிலுள்ள மின்னணு அபராதங்களையும் பார்க்க முடியும். வாகனம் திருடப்பட்டதா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை வழியே அறியலாம்.

எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்துப்போக வேண்டும். கடனில் வாங்கப்பட்ட கார் என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் தேவை. கடன் குறிப்பு நீக்கப்படாத நிலையில் முழுப் பணத்தையும் அளிக்கக் கூடாது.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெல்லி போன்ற பிற மாநிலங்களிலிருந்து குறைந்த விலைக்கு வரும் கார்களில் கூடுதல் கவனம் தேவை. ஒரு மாநிலத்தில் பதிவான காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அப்போது சாலை வரியும் செலுத்த நேரும். விலையில் கிடைத்த லாபம் வரியிலேயே போய்விடாதா என்பதைக் கணக்கிட வேண்டும்.

பெயர் மாற்றம்: இருவருக்கும் பொறுப்பு

விற்றவர் படிவம் 29 மூலம் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் அளிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் இந்த அவகாசம் 45 நாட்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 30 இதற்கானது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல, படிவம் 28 வழியே தடையில்லாச் சான்று பெற வேண்டும்.

இது வெறும் சடங்கு அன்று. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் பல கைகள் மாறியிருந்த அந்த வழக்கில், பெயர் மாற்றப்படாததால் முதல் உரிமையாளரே பொறுப்பேற்க நேர்ந்தது. வேகமான காரை விற்பவருக்கு இத்தீர்ப்பு சொல்லும் பாடம் தெளிவானது.

விற்பனையாளர் மூலம் வாங்கினால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்கலாம். பழைய வாகன விற்பனையாளர்களுக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரம் தேவை என்ற விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற விற்பனையாளர், தாம் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையேயான வித்தியாசத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி செலுத்த வேண்டும். தனிநபர் இருவருக்கிடையிலான விற்பனைக்கு இந்த வரி கிடையாது.

காப்பீடும் எரிபொருளும்

காரை வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால், காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது கடினமாகும். நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி காருக்கு உரியதன்று, பழைய உரிமையாளருக்கு உரியது. எனவே, விற்பவர் செலுத்திய பிரீமியத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

எஞ்சின் அளவும் இங்கே பணத்தைத் தீர்மானிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி-க்கு மிகாத காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம் ரூ.2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.3,416. ஹூண்டாய், மாருதி, ஃபோக்ஸ்வேகன் நிறுவனங்களின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின்கள் முதல் பிரிவில் அடங்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், நாடெங்கும் விற்பனைக்கு வந்துள்ளது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் பலவும் இதனைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை அல்ல. நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின் சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. எனவே, எரிபொருள் குழாய்களின் நிலையைச் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது. பார்க்கும் காருக்கு எந்த வகைப் பெட்ரோல் பரிந்துரைக்கப்பட்டுள்ளது என்பது, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ உரிமையாளர் கையேட்டிலோ குறிப்பிடப்பட்டிருக்கும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

கையிருப்பு ரூ.6 லட்சம் எனில், ரூ.6 லட்சத்துக்குக் கார் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காருக்கு ரூ.5 லட்சத்துக்கு மிகாமல் ஒதுக்கி, எஞ்சிய ரூ.1 லட்சத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வது பாதுகாப்பானது. முதற்பங்கு பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் உரியது. இரண்டாம் பங்கு ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், தேவையெனில் டைமிங் பெல்ட், டயர் ஆகியவற்றுக்கு. மூன்றாம் பங்கைத் தொடாமல் முதல் ஓராண்டுக்குப் பழுதுச் செலவுக்கென வைத்திருக்க வேண்டும்.

கடன் வாங்கிக் கார் வாங்குவோருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். பழைய கார்களுக்கான கடன் வட்டி, பொதுவாகப் புதிய கார் கடனைவிட அதிகம். மாதத் தவணை கட்டிய பின் டர்போவை மாற்றும் அளவுக்குக் கையில் பணமில்லை என்றால், கார் வாசலில் நிற்கும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

விலை பேசும் முன் புதிய கார்களின் விலையையும் ஒப்பிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கும் 1,200 சிசி-க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய கார் விலை இறங்கிய நிலையில், பழைய விலையிலேயே நிற்கும் விற்பனையாளரிடம் இதனைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசலாம்.

யாருக்கு எது பொருத்தம்?

அன்றாடம் அலுவலகம் சென்றுவரவும் வார இறுதியில் உற்சாகமாக ஓட்டவும் ஒரே கார் வேண்டுவோருக்கு, மேனுவல் கியர்பாக்ஸ் கொண்ட போலோ 1.0 டிஎஸ்ஐ அல்லது கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ ஏற்றது. குடும்பப் பயன்பாடும் பாதுகாப்பு மதிப்பீடும் முக்கியம் எனில் அல்ட்ராஸ் ஐ-டர்போவைப் பார்க்கலாம். எடை குறைந்த, குறைந்த விலைக் கார் விரும்புவோருக்கு பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி ஆகியவை உள்ளன. வீட்டில் வேறொரு வாகனமும், அறிமுகமான மெக்கானிக்கும், காத்திருக்கப் பொறுமையும் உள்ளவர்களுக்கே அபார்த் புன்டோ பொருந்தும்.

எந்த மாடலாக இருப்பினும், முழுமையான சர்வீஸ் ரசீதுகளுடன் நிற்கும் சற்றே விலை கூடிய கார், ரசீது ஏதுமின்றி மலிவாகக் கிடைக்கும் காரைவிட முடிவில் செலவு குறைந்ததாகவே அமையும்.